பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தவர் இரவில் ஏன் நினைவிழந்தார்?

விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அண்ணனுக்கு 34 வயது. இரண்டு மாதத்துக்கு முன்னால் சாயங்காலம் மில் வேலை முடிந்து பைக்கில் வரும்போது, ஊர் எல்லையில் புதிதாகப் போட்டிருந்த வேகத்தடை தெரியாமல் ஏறித் தூக்கி எறியப்பட்டுவிட்டார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலே இருந்தது. தானே எழுந்து, டீக்கடையில் முகம் கழுவி, 'ஒண்ணும் இல்லை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். தலை வலிக்கிறது என்று படுத்தார். ஒன்பது மணிக்கு இரண்டு தடவை வாந்தி. பித்தம் என்று நினைத்தோம். அப்புறம் பேச்சு குழறியது. பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஒன்றரை மணி நேரம் டிரிப் ஏற்றிவிட்டு, மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நடுவில் இன்னொரு ஆஸ்பத்திரியில் நிறுத்தினோம், அங்கே ஸ்கேன் இல்லை. மதுரையில் இறங்கும்போது நினைவே இல்லை. 'மூளைக்கு வெளியே ரத்தக்கட்டி' என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இப்போது சட்டென்று கோபப்படுகிறார், சொன்னதை மறந்துவிடுகிறார், பைக் சாவியைக் கொடு என்று தினமும் சண்டை. எங்கள் ஊர்ப் பையன்கள், இனி யாருக்கும் இப்படி ஆகக்கூடாது, நாம் ஏதாவது செய்யணும் என்கிறார்கள். என்ன செய்யலாம்? கடைசியாக ஒன்று: அண்ணனைத் தூங்கவிட்டது என் தப்பா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தப்பு இல்லை. அவர் தூங்கியதால் ரத்தக்கட்டி வரவில்லை. அது விழுந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது. நீங்கள் விடிய விடிய விழித்திருக்க வைத்திருந்தாலும் அது சேர்ந்துகொண்டேதான் இருந்திருக்கும். வாந்தியும் குழறலும் வந்ததும் விடியட்டும் பார்க்கலாம் என்று விடாமல் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். அதனால்தான் அவர் இன்று உங்களோடு சண்டை போட இருக்கிறார்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். காதுக்குச் சற்று மேலே, கன்னப்பொட்டுப் பக்கத்தில் மண்டையோடு மெலிதாக இருக்கும். அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. அந்த இடத்தில் எலும்பு விரிசல் விட்டால் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேரத் தொடங்கும். எக்ஸ்ட்ராடியூரல் ரத்தக்கட்டு என்கிறோம். ஆரம்பத்தில் மூளைக்கு நேரடி அடி பெரிதாக இருக்காது. அதனால் ஆள் எழுந்து நடப்பார், பேசுவார், டீ கூடக் குடிப்பார். மண்டையோடு விரியாது என்பதால், ரத்தம் சேரச் சேர அழுத்தம் மூளை மேல்தான் இறங்கும். தலைவலி, வாந்தி, குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்வு, பிறகு மயக்கம் என்று வரிசையாக வரும். இடையில் வரும் அந்தத் தெளிவான நேரம் எல்லோருக்கும் வருவதில்லை. வருகிறவர்களுக்கு, குடும்பத்தை ஏமாற்றுவது அதுதான்.

இந்தக் கடிதத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். தலையில் அடிபட்டவருக்கு அடி இரண்டு தடவை விழுகிறது. முதல் அடி ரோட்டில் விழுந்தது. அதை எந்த டாக்டராலும் திருப்பி எடுக்க முடியாது. இரண்டாவது அடி அதற்குப் பிறகு வரும் மணி நேரங்களில் விழுகிறது: மூச்சு சரியாக இல்லாமல், ரத்த அழுத்தம் இறங்கி, ரத்தக்கட்டு அழுத்தி. உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் உடலுக்குப் போகும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். கடுமையான தலைக்காயத்தில் மேல் ரத்த அழுத்தம் ஒரே ஒரு தடவை 90க்குக் கீழே இறங்கினாலும் இறப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்பதை 1990களிலேயே அமெரிக்க ஆய்வுகள் காட்டிவிட்டன. முதல் அடியை ஹெல்மெட்டும் நல்ல ரோடும் தடுக்கும். இரண்டாவது அடியை முதல் சில மணி நேரம் கூட இருப்பவர்கள்தான் தடுக்க முடியும்.

ரோட்டில் ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று வையுங்கள். கூட்டம் கூடியதும் முதலில் நடப்பது என்ன? ஒருவர் உட்கார வைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவார். இன்னொருவர் சோடா வாங்கி வருவார். வெட்டிய இடத்தில் காப்பித்தூளை அப்புவார்கள். நாலு பேர் கைகால்களைப் பிடித்து, தலை தொங்கத் தொங்க ஆட்டோவில் மடித்துப் போடுவார்கள். எல்லாம் நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அரை நினைவில் இருப்பவருக்கு வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கிலேயே கை கால் இரண்டும் போய்விடலாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒருவர் உடனே 108க்கு அடிக்கட்டும். ஒருவர் வரும் வண்டிகளைத் தள்ளிப் போகச் சொல்லட்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். குறட்டை போலவோ களகளவென்றோ சத்தம் வந்தால், வாந்தி எடுத்தால், மல்லாக்க விடக்கூடாது. மூன்று நாலு பேர் சேர்ந்து, தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கிற மாதிரி ஒன்றாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். கழுத்துக்குப் பயந்து மூச்சை விட்டுவிடாதீர்கள். மூச்சுதான் முதலில். தலைத்தோலில் ரத்தம் கொட்டினால் சுத்தமான துண்டை மடித்து அழுத்திப் பிடியுங்கள். எலும்பு உள்ளே அமுங்கியது போலத் தெரிந்தால் அந்த இடத்தில் அழுத்தாமல் லேசாக மூடினால் போதும். மூக்கிலோ காதிலோ ரத்தமும் தண்ணீரும் வந்தால் பஞ்சை வைத்து அடைக்காதீர்கள். "ரத்தம் வெளியே வந்துடுச்சு, இனி பயமில்லை" என்று ஊரில் சொல்வார்கள், அது உண்மை இல்லை. மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருப்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். ஹெல்மெட் போட்டிருந்தால், மூச்சு சீராக இருக்கிறவரை கழற்ற வேண்டாம், முகக்கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி வேண்டாம், வாயில் ஸ்பூனும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கல்லை நகர்த்திவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவிட்டால் போதும்.

ஒரு வார்த்தை எனக்கு ஆத்திரத்தையே தரும்: "குடிச்சிருக்கான், தெளிஞ்சா எந்திரிப்பான்." குடித்தவருக்கும் மண்டை உடையும். வாடை அடிக்கிறது என்பதற்காகத் திண்ணையில் கிடத்திவிட்டு, காலையில் எழுப்பப் போனால் உயிர் இல்லாமல் கிடந்தவர்களை எங்கள் பிரிவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தலையில் அடி, நினைவு சரியில்லை என்றால் குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் ஆஸ்பத்திரிதான்.

சரி, உங்கள் அண்ணனைப் போல எழுந்து நடந்து வந்தவரை எப்படிக் கண்டுகொள்வது? தலையில் தட்டிக்கொண்ட எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. ஆனால் கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது, விபத்து நடந்ததே ஞாபகம் இல்லை, ஒரு தடவைக்கு மேல் வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பேச்சுக் குழறல், ஒரு கையோ காலோ வலுவில்லாமல் போவது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கம். இதில் ஒன்று இருந்தாலும் அன்றே, அப்போதே சி.டி. ஸ்கேன் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கண்ணின் பாவை ஒன்று பெரிதாகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக் காத்திருக்காதீர்கள், அது தெரியும்போது நேரம் மிகவும் கடந்திருக்கும். டாக்டர் பார்த்து "வீட்டுக்குப் போகலாம்" என்று அனுப்பியிருந்தால் தாராளமாகத் தூங்கலாம். முதல் ராத்திரி மட்டும் இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் எழுப்பி, பேரையும் ஊரையும் கேளுங்கள்.

வயதானவர்கள் கதை வேறு. குளியலறையில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்ட தாத்தா, மூன்று வாரம் கழித்துத் தள்ளாடுவார், பேச்சில் தடுமாறுவார், வேட்டியில் சிறுநீர் போவது தெரியாது. வயசாச்சு என்று விட்டுவிடுவோம். மூளையை ஒட்டி மெதுவாகச் சேர்ந்த ரத்தமாக அது இருக்கலாம். சிறு துளை போட்டு வடித்தாலே பெரும்பாலானவர்கள் பழையபடி நடப்பார்கள். இதய நோய்க்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால், சின்ன அடியையும் சின்னதாக நினைக்காதீர்கள்.

அடுத்து, எங்கே போவது என்பது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். ஒரு நர்சிங் ஹோம், அப்புறம் ஸ்கேன் இல்லாத ஓர் ஆஸ்பத்திரி, அப்புறம் மதுரை. பதறிப்போன குடும்பத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? தெரிய வேண்டியவர்கள் அந்த நர்சிங் ஹோம்காரர்கள். அடிபட்டதையும் பேச்சுக் குழறலையும் கேட்ட உடனே, மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து, மதுரைக்கு போன் அடித்துச் சொல்லிவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். 1981ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூளையுறைக்கு உள்ளே திடீரென்று ரத்தம் கட்டியவர்களில், நாலு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தவர்கள் 30 சதவீதம் பேர் இறந்தார்கள். நாலு மணி நேரம் தாண்டியவர்களில் 90 சதவீதம் பேர். உங்கள் அண்ணனுக்கு வந்தது வேறு வகைக் கட்டி என்றாலும் நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதில் புரியும்.

ஆகையால் சொந்த வண்டியில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவதை விட 108 நல்லது. 2008லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது, காசு கிடையாது. வண்டியில் ஆக்சிஜன் இருக்கும், கழுத்துப்பட்டை இருக்கும், கூட வரும் மருத்துவ உதவியாளருக்கு எங்கே ஸ்கேன், எங்கே நரம்பியல் அறுவை சிகிச்சை டாக்டர் என்பது தெரியும். மூச்சு திணறினாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ மட்டும் மிக அருகில் உள்ள ஆஸ்பத்திரியில் நிறுத்தி, அதைச் சரிசெய்துகொண்டு மேலே போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் விபத்துக்கென்று தனி அவசரப் பிரிவு அமைத்து, வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கும் முறை இப்போது இருக்கிறது. உள்ளே நுழையும்போதே "தலையில் அடி, இத்தனை மணிக்கு, நடுவில் நன்றாகப் பேசினார், இப்போது பேச்சு குழறுகிறது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவரைச் சிவப்பில், அதாவது உடனே பார்க்க வேண்டியவர்களில், எடுத்துவிடுவார்கள்.

இதைப் படிக்கும் சிறிய மருத்துவமனை டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைக்காயத்தில் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) கலந்த டிரிப் மூளை வீக்கத்தைக் கூட்டும், நார்மல் சலைன் (உப்புநீர்) போடுங்கள். வீக்கம் குறையட்டும் என்று ஸ்டீராய்டு போடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பத்தாயிரம் பேரை வைத்து நடந்த கிராஷ் ஆய்வு, ஸ்டீராய்டால் இறப்பு கூடுகிறது என்று 2004லேயே சொல்லிவிட்டது. அதே குழு 2019ல் சொன்னது நமக்குப் பயன்படும்: ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால், காயம் அவ்வளவு கடுமையாக இல்லாதவர்களில் இறப்பு குறைகிறது. விலை குறைந்த ஊசி, எந்த ஊரிலும் கிடைக்கும். போட்டுவிட்டு, போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். ஊசி போட வேண்டும் என்று நோயாளியை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள்.

பணத்துக்கும் போலீஸுக்கும் பயந்து நேரம் போவதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. வருமானச் சான்று, சொந்த ஊர் எதுவும் தடை இல்லை. ஆரம்பத்தில் 1 லட்சம் ரூபாய் வரை என்று வந்தது. இப்போதைய வரம்பை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. 2016ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. விருப்பம் இல்லாவிட்டால் சேர்த்துவிட்டு வந்துகொண்டே இருக்கலாம். உங்கள் ஊர்ப் பையன்கள் இதை டீக்கடைச் சுவரில் எழுதி வைத்தாலே பெரிய காரியம்.

அந்தப் பையன்களுக்கு முதல் வேலை அந்த வேகத்தடைதான். ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அளக்கட்டும். இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி வட்ட வடிவ வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அலுங்காமல் ஏறி இறங்கும். நம் ஊர்களில் ஓர் அடி அகலத்தில், முழங்கால் மடங்குகிற மாதிரி ஒரு சிமென்ட் மேட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். வெள்ளைக்கோடு கிடையாது, முன்கூட்டிச் சொல்லும் பலகை கிடையாது, விளக்கு கிடையாது. இதில் அதிகம் அடிபடுவது ஓட்டுகிறவரை விட, பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வரும் பெண்கள். ஒரு கையில் பிள்ளை, மடியில் பை, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வண்டி குதிக்கும்போது பின்பக்கமாக விழுந்து பின்மண்டை ரோட்டில் அடிக்கும். வண்டி ஓட்டிய கணவருக்கு ஒரு கீறல்கூட இருக்காது. அளவெடுத்து, போட்டோவோடு மனு எழுதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகவும் போடச் சொல்லுங்கள். அதுவரைக்கும் நீங்களே வெள்ளை பெயின்ட் அடித்து வைக்கலாம்.

ஹெல்மெட் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் வார்ப்பட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பட்டை போடாத ஹெல்மெட், தலை தரையில் படுவதற்கு முன்பே பறந்துபோயிருக்கும். போட்டுப் பட்டையைப் பூட்டிவிட்டு, பின்பக்கமிருந்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். உள்ளே இருப்பது தெர்மாகோல்தான். டிவி பெட்டிக்குள் டிவியைக் காப்பது போல, அடியைத் தானே வாங்கி நசுங்கிக்கொள்கிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் மட்டும்தானே என்று திரும்பப் போடக்கூடாது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பைக் விபத்தில் ஹெல்மெட் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும், சாவை 42 சதவீதமும் குறைக்கிறது. "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று எடுக்காமல் போவதும், பின்னால் உட்காரும் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஹெல்மெட்டே வாங்காததும்தான் உங்கள் பையன்கள் முதலில் மாற்ற வேண்டிய பழக்கம். பின்னால் இருப்பவருக்கும் அது சட்டப்படியே கட்டாயம்.

இனி உங்கள் அண்ணன். கோபமும் மறதியும் அவர் குணம் கெட்டுப்போனதால் வந்தவை இல்லை. மூளையின் முன்பகுதி கோபத்தை அடக்கி வைக்கும் இடம், அது வீங்கி ஆறி வருகிறது. இரண்டு மாதம் என்பது ஆரம்பம்தான். ஆறு மாதம், ஒரு வருடம் வரைக்கும் மாற்றம் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் டிவி சத்தத்தைக் குறையுங்கள். ஒரே நேரத்தில் நாலு பேர் பேச வேண்டாம். வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், காலண்டரில் எழுதி வையுங்கள். மதியம் ஒரு தூக்கம் போடட்டும். கோபம் ஏறும்போது பதிலுக்குப் பேசாமல் கொஞ்சம் நகர்ந்துவிடுங்கள், கால் மணி நேரத்தில் அவரே இறங்கி வருவார். அண்ணியிடமும் இதைச் சொல்லுங்கள். நாள் முழுக்கத் திட்டு வாங்குவது அவர்தான், கடிதத்தில் அவரைப் பற்றி நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை. அவர் கொஞ்சம் மூச்சுவிட, வாரத்தில் ஒரு நாளாவது நீங்கள் போய் இருங்கள்.

மது ஒரு சொட்டும் கூடாது. வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் வலிப்பு வரலாம். பைக் சாவியை இப்போது கொடுக்க வேண்டாம். நீங்கள் மறுப்பதால்தான் சண்டை. "டாக்டர் எழுதிக் கொடுத்தால் கொடுக்கிறோம்" என்று சொல்லுங்கள். அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஸ்கேன் பிலிம், மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மாதத்தில் எத்தனை தடவை கோபம் வந்தது, எதை மறந்தார், தலைசுற்றல் உண்டா, உடம்பு வெட்டி இழுத்ததா என்று ஒரு தாளில் எழுதி, அவரையும் கூட வைத்துக்கொண்டே டாக்டரிடம் கொடுங்கள். பார்வை, கை கால் வேகம், கவனம் எல்லாம் பார்த்துத்தான் வண்டி ஓட்டலாமா என்று அவர் சொல்வார். அதுவரைக்கும் மில்லுக்கு பஸ்ஸில் போகட்டும், முடிந்தால் முதல் மாதம் இரவு ஷிப்ட் இல்லாமல் கேட்டுப் பாருங்கள். மில்லில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை என்றால், அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.